தரிசு என்று சொன்னது நான்தான்

எங்கள் வளவில் ஒன்பது வீடுகள். ஐம்பது வயது தாண்டியவர்களை ஒரு முறை உழுதுவிடுவார்கள். உழுதால் ஆள் பண்பட்டுவிடும். நிலத்துக்கும் ஆளுக்கும் ஒரே படிவம்தான். மேலே ‘நிலம் / ஆள்’ என்று இருக்கும். பொருந்தாததை அடித்துவிட வேண்டும்.

உழுவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘தரிசு’ என்று சொன்னால்தான் ஏர் வரும். விசாரணை என்றாலே வளவில் எல்லோரும் என் வீட்டைக் கைகாட்டுவார்கள். காரணம் கேட்காதீர்கள்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வேளாண்மை அலுவலர் வந்தார். காலில் சேறு, கையில் ஃபைல்.

“பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் எப்படி?”

ஆவுடை மதினி அன்று காலைதான் என் புதுச் சேலையைப் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்திருந்தாள். “ஏட்டி கோமு, சன்னல் துணிய எதுக்குட்டி சுத்திக்கிட்டு நிக்கே?” அவள் சிரித்தால் நாலு வீட்டுப் பாத்திரம் அதிரும்.

“கல்லு, முள்ளு, கோரை. சுத்தத் தரிசு சார்,” என்றேன். காபியும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காளைகள் வந்தன. மதினி வீட்டுக் கூடம் எட்டுக்குப் பத்து. அன்று நாலு ஏக்கர் ஆனது. மதினி நடுவில் படுத்துக்கொண்டாள்.

“மெதுவா ஓட்டும்வே. இடுப்புல வாயு.”

வளவே பார்த்தது. நான் மட்டும் ஸ்டூல் போட்டுப் பார்த்தேன்.

முதல் உழவுச் சாலில் பதினோரு வசவுகள் வந்தன. இரண்டாவது சாலில் என் ரகசியம் ஒன்று வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவளிடம் அழுதுகொண்டே சொன்னது. யாரிடமும் சொல்லாமல் அடியில் வைத்திருந்திருக்கிறாள். நானாக இருந்தால் அன்று சாயங்காலமே சொல்லியிருப்பேன்.

கடைசியில் சிரிப்பு வந்தது. கோரைக்கிழங்கு மாதிரி வேர் ஆழம். இரண்டு பேர் பிடித்து இழுத்து வரப்பில் எறிந்தார்கள்.

மறுநாள் அதே சேலையை வேண்டுமென்றே கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

“வணக்கம் கோமதி,” என்றாள் மதினி. “நலமா இருக்கீங்களா?”

சேலையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

சொன்னதைத் திரும்பப் பெற அலுவலகம் போனேன். நடைபாதை நடக்க நடக்க நீண்டது. எழுத்தரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது செருப்பு தேய்ந்து வார் மட்டும் மிச்சமிருந்தது.

“உழுததை உழாததா ஆக்க முடியாதும்மா,” என்றார் எழுத்தர். “வேணும்னா தரிசாப் போட்டு வைக்கலாம். இருபது வருஷம் யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. உங்களால முடியுமா?”

“முடியாது.”

“தெரியும். உங்க ஃபைல்லயே எழுதியிருக்கு.”

“அப்ப என்னையும் உழுதுருங்க.”

“பக்கத்து வீட்டுல விசாரிக்கணும்.”

பக்கத்து வீடு என்றால் மதினி. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அலுவலர் வந்தார். நான் சுவரில் காதை வைத்தேன்.

“கோமதியம்மாள் எப்படி?”

“அடுத்தவங்களைப் பற்றிப் பேசுவது முறையில்லைங்க.”

“ஒரு குறைகூடவா இல்லை?”

“மன்னிக்கணும்.”

சுவருக்கு மேல் தலையை நீட்டினேன். “சொல்லுங்க மதினி! நான் எட்டிப் பாப்பேன், ஒட்டுக் கேப்பேன். இந்தா, இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான நிக்கேன். தரிசுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மதினி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்கு எதுவும் தெரியாதுங்க.”

அலுவலர் படிவத்தின் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். இனி இந்தச் சுவருக்கு வர மாட்டார்.

வரப்பில் கிடந்த சிரிப்பை எடுத்துவந்து தொட்டியில் நட்டிருக்கிறேன். தினமும் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுகிறேன். தளிர் விட்டிருக்கிறது. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால் லேசாக அசைகிறது. ‘ஏட்டி’ வரைக்கும் வருகிறது.

பேர் இன்னும் வரவில்லை.