சுந்தர்சிங்கின் வலது காது

ரப்பர் பாலைக் காதுக்குள் வைத்து அடைத்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் நாலைந்து நாள் நடந்த மனுசனை என்ன சொல்லி ஏசுவது? நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஏச்செல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

என் வீட்டுக்காரர் சுந்தர்சிங், கீரிப்பாறைப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். இடது காது சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. மிச்சமிருந்தது வலது காது ஒன்றுதான். அதிலும் செவிப்பறையில் ஓர் ஓட்டை. மழைக்காலம் வந்தால் சீழ் வடியும். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு டாக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு தண்ணீர் படாமல் இருப்பதாம்! எங்கள் ஊரில் மழை நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அதற்கு இவர் ஒரு வழி வைத்திருந்தார். பஞ்சை உருட்டி, மரத்தில் கட்டியிருக்கிற சிரட்டைப் பாலில் ஒரு முக்கு முக்கி, வெயிலில் காய வைப்பார். நல்ல மூடி ஆகிவிடும். குளிக்கும்போதும் மழையில் நடக்கும்போதும் காதில் செருகிக்கொள்வார், வீட்டுக்கு வந்ததும் இழுத்து எடுத்துவிடுவார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கெட்டிக்காரர் என்றுகூட நினைத்திருக்கிறேன், சவம்.

அந்தத் தோட்டத்தில் காது இல்லாமல் வேலை செய்ய முடியாது. விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிற வேலை. விளக்கு எதிரே நிற்கிற மரத்தை மட்டும்தான் காட்டும். யானை நிற்பது கண்ணுக்குத் தெரியாது. கிளை ஒடிகிற சத்தம் கேட்டால் விலகி ஓட வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு. பக்கத்துத் தோட்டத்தில் காது மந்தமான ஒருவரை யானை அடித்துப் போட்டதிலிருந்து, காது கேளாதவரை வெட்டுக்கு விடுவதில்லை என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். அதை யாரும் குறை சொல்லவில்லை.

அன்றைக்கு வெட்டு முடிந்து வந்து உட்கார்ந்தவரைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நாய் திரும்பிப் பார்த்தது, இவர் பார்க்கவில்லை. முன்னால் போய் நின்றால் மட்டும், "என்ன ஏட்டி நேசம்?" என்கிறார். எழுந்து நடந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். குடிக்கிற பழக்கமும் கிடையாது. வழியை மறித்து நின்று கேட்டேன்.

"காதுல என்ன செய்யுது?"

"கொஞ்சம் தண்ணி கேறிட்டு. அது தானா இறங்கும்."

"தானா இறங்கும்! உங்களுக்க தலையில இடிதான் இறங்கும். சட்டைய மாட்டுங்க, இப்பளே நாரோயிலுக்குப் போணும்."

நாளைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று என்னவெல்லாமோ சொன்னார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினேன்.

நாகர்கோவிலில் காதுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் உள்ளே போனால், முக்காடு போட்ட ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. எங்கள் மகளைவிட ரெண்டு வயசு கூட இருக்கலாம்.

"பெரிய டாக்டர் இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா பெரிய டாக்டர். சின்ன டாக்டரும் நான்தான். பேரு ரிஃபா," என்று சிரித்தாள். கோட்டாற்றுக்காரியாம். சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அவள் கையில் எடுத்த கருவியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முருங்கைக்காய்த் துண்டு அளவுக்கு ஒரு வெள்ளைக் கைப்பிடி. நுனியில் ஊசிபோல மெல்லிய குழல். குழலின் வாயிலேயே விளக்கும் பொடிக் கேமராவும் இருக்கிறதாம். கைப்பிடியின் பின்னாலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் உறிஞ்சுகிற மெஷினுக்குப் போனது. கேமரா பார்ப்பதெல்லாம் எதிரே நின்ற டிவியில் தெரியும்.

"முன்னெல்லாம் பெரிய மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சிக்கிட்டு ஒரு கையால உறிஞ்சணும்மா. ஆள் தலைய அசைச்சா ஒண்ணும் தெரியாது. இதுல உறிஞ்சுற இடத்துக்குக் கேமராவும் கூடவே வந்திரும். மத்த கை எனக்கு சும்மா இருக்கும், இடுக்கி பிடிக்கலாம்," என்றாள். பிறகு என்னிடம், "நீங்க வெளிய போவாண்டாம். மெஷின் இரைஞ்சா நான் சொல்றது அவருக்குக் கேக்காது. நான் அசையக் கூடாதுன்னு சொன்னா நீங்க தோளை அமுக்குங்க," என்றாள்.

முகமூடியை மாட்டிக்கொண்டு, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு உள்ளே விட்டாள். டிவியில் என் புருஷனின் காது ஒரு குகை மாதிரி திறந்தது. முப்பது வருஷமாக நான் கத்துகிற கத்தெல்லாம் போகிற வழி அதுதான். ஈரமும் சீழுமாகக் கிடந்தது. மெஷின் சர்ரென்று இரைந்தது, சீழ் வழிந்து வந்து குழலுக்குள் காணாமல் போனது, கேமரா இன்னும் உள்ளே போனது. அங்கே வெள்ளையாக ஒன்று வழியை அடைத்துக்கொண்டு இருந்தது.

"இது என்னம்மா? பஞ்சு மாதிரியும் இருக்கு, தோல் மாதிரியும் இருக்கு."

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ரப்பர் பாலும் பஞ்சுமாக்கும் டாக்டரம்மா. தண்ணி கேறாம இருக்க இந்த மனுசன் வைக்கியது. எப்பவும் இழுத்தா வந்திரும். இது ஏன் இப்பிடி அப்பிக் கிடக்குன்னு தெரியல்லியே!"

டாக்டர் இடுக்கியை எடுத்தாள். ஒரு கையில் கருவி, மறு கையில் இடுக்கி. ஓரத்தைக் கிளப்புவதும் ஈரத்தை உறிஞ்சுவதும் மறுபடி கிளப்புவதுமாக இருந்தாள். "அசையக் கூடாது," என்றாள். தோளை அமுக்கினேன். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலிக் கையைப் பிடித்திருந்தார். ஏசப்பா, மிச்சமிருக்கிற சவ்வும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று நான் ஜெபித்த ஜெபம் எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் அது முழுசாக வந்தது. தட்டில் போட்டாள். காதின் வளைவெல்லாம் அப்படியே பதிந்திருந்தது.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் டாக்டர் மறுபடி உள்ளே கேமராவை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குகையின் சுவரெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. சவ்வில் இருந்த ஓட்டை ஓரமெல்லாம் கருகிப் பெரிசாகியிருந்தது.

"இதுக்குள்ள வேற என்ன ஊத்தினாருன்னு கேளுங்கம்மா."

அவர் முகத்துக்கு நேரே போய் நின்று வாயை அகலத் திறந்து கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாலஞ்சு நாளைக்கு முன்ன திடுக்குனு மழை வந்திட்டு. காஞ்ச பஞ்சு கையில இல்ல. பச்சப் பால்ல முக்கி வச்சேன். அது உறையாம உள்ள ஒழுகிட்டு. ஷீட்டுக்குக் கலக்கி வச்சிருந்த ஆசிட்டுல ஒரு சொட்டு விட்டேன். உறைஞ்சிரும்லா."

தட்டில் ஊற்றிய பால் உறைந்து ஷீட்டாக வர, ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து விடுவோம். எங்கள் பக்கத்தில் பொடிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை. தட்டுக்குச் செய்கிறதைக் காதுக்குச் செய்திருக்கிறார்! இந்த அறிவு ரப்பர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு வரும்? அங்கேயே அவரை நாலு சாத்து சாத்தலாம்போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், கை வரவில்லை.

டாக்டர் என்னைக் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்கு எங்கள் முதுகுதான் தெரியும்.

"அம்மா, ஆசிட் அந்த ஓட்டை வழியா உள்காதுக்குப் போயிருந்தா நரம்பு அடிபட்டிருக்கும். தலை சுத்துறதப் பாத்தா எனக்கு பயமாத்தான் இருக்கு. அப்பிடின்னா இன்னைக்கே அட்மிட் பண்ணி மருந்து ஏத்தணும். தள்ளிப் போட்டா கேக்குற சக்தி திரும்பவே திரும்பாது. நரம்பு நல்லா இருந்தா சொட்டு மருந்தோட வீட்டுக்குப் போயிரலாம். டெஸ்ட் மெஷின்காரங்க மத்தியானம்தான் வருவாங்க. இப்ப நானே பேசிப் பாக்கிறேன்."

போய் அவருக்குப் பின்னால் நின்றாள். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டாள். உறிஞ்சுகிற மெஷின் நின்றிருந்தது, கருவி மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

"உங்க பேரென்ன?"

"சுந்தர்சிங்."

"எந்த ஊரு?"

"கீரிப்பாறை."

"எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு. மோள் நர்சாக்கும். பய குவைத்துல இருக்கான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் டாக்டர். அந்தப் பிள்ளைக்கே கண் கலங்கிவிட்டது. நான் பொலபொலவென்று அழுதேன். கர்த்தர் நல்லவர், கர்த்தர் நல்லவர் என்று சொல்லிக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். கருவி டாக்டரின் நெஞ்சுக்கு நேரே இருந்தது, நுனி மேலே பார்த்து. கேமராவை யாரும் அணைக்கவில்லை. கொஞ்சம் மங்கலாக, டிவி முழுக்க டாக்டரின் வாய்தான் இருந்தது. மருந்துச் சீட்டு எழுதச் சொல்லி நர்சிடம் அவள் பேசப் பேச, அந்த உதடு அங்கே அசைந்துகொண்டிருந்தது.

ஒற்றைக் காதோடு வளர்ந்தவருக்கு உதட்டைப் பார்த்தால் போதும். எங்கள் கோயிலில் போதகர் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஜெபித்தால் இவருக்கு எங்கே ஆமென் சொல்வது என்று தெரியாது. இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு வார்த்தை தப்பாது.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கண்ணை இடுக்கி, தலையை லேசாக, ரொம்ப லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று. முப்பது வருஷத்தில் அந்த மனுசன் என்னிடம் எதற்கும் அப்படிக் கெஞ்சினது கிடையாது. வெட்டுக்கத்தியைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாதவர். பெருநாளன்றுகூடக் கோயில் முடிந்ததும் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சோறு. அவரை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு இவரைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன்தான். ஆனால் நெற்றி விளக்கோடு அவர் குனிந்து மரத்தை வெட்டிக்கொண்டு நிற்பதும், பின்னால் கிளை ஒடிவதும் கண்ணில் வந்துவிட்டது.

டிவிக்கு முன்னால் போய், அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டரம்மா, இன்னொண்ணு கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"எதாச்சும். காலம்பற என்ன தின்னாருன்னு கேளுங்க."

அவள் பின்னாலிருந்தே கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் காத்திருந்தார். நெற்றி வியர்த்தது. டாக்டர் இன்னும் உரக்கக் கேட்டாள்.

"ரெண்டு பிள்ளைங்க," என்றார்.

டாக்டர் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். நான் விலகியதும் டிவியில் தன் வாயைப் பார்த்தாள். "யா அல்லாஹ்," என்று கேமராவை அணைத்தாள்.

அன்றைக்கே அட்மிட் செய்து மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மத்தியானம் மெஷினிலும் பார்த்தார்கள். கேட்கிற சக்தி ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "பாதியாவது திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். வீட்டுக்குப் போயிருந்தா அந்தப் பாதியும் கிடையாது. நீங்க சொன்னது நல்லதும்மா," என்றாள் டாக்டர் ரிஃபா. என்னை யார் கேட்டார்கள் நல்லதா கெட்டதா என்று! நான் கட்டிலுக்குப் போனேன்.

கையில் ஊசியோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "என்னக் காட்டிக் குடுத்திட்டியே, ஏட்டி," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வெப்ராளமும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. ஆமா, குடுத்தேன்! வேலை போனாப் போட்டும்! ஆனை சவிட்டின உடம்ப அள்ளிக் கொண்டாந்து முற்றத்துல போட்டா நான் என்ன செய்யட்டும்? எனக்கு உங்க சம்பளம் வேண்டாம், நீங்க வேணும், நீங்க உயிரோட வேணும்! அந்த முதுகைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தி முடித்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டில் அதிர்ந்தது தெரிந்ததோ என்னவோ, அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்னமோ சொன்னியா நேசம்? இப்பிடிப் பைய சொன்னா எனக்கு எப்பிடிக் கேக்கும்? சத்தமாச் சொல்லு."

வார்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.