எண்பத்துநாலு ஜோடிக் கண்கள்

"தாடையக் கொஞ்சம் இறக்குங்க. போதும், போதும், அப்படியே இருங்க" என்று படக்காரம்மா சொல்லி முடிக்கவும் கூரியர்காரர் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதோடு சரி, பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவர் பாவம், தாடையை இறக்கியபடி நாலு நிமிஷம் அசையாமல் இருந்தார். படக்காரம்மாவோ சோப்புப் பெட்டி அளவு பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "ஏங்க! வந்துடுச்சுங்க! டப்பா வந்துடுச்சு!" என்று கத்தினாள். உள்ளறையில் படங்களுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த கணவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"எந்த டப்பா? வராத டப்பாவா?"

"அதேதான்!"

"அடக் கடவுளே" என்று அவர் உண்மையாகவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அந்த டப்பாவுக்கு வயது இரண்டு வருஷம் இரண்டு மாதம். அதாவது, படக்காரம்மா அதற்குப் பணம் போட்டு அத்தனை காலம் ஆகிறது. இணையத்தில் ஒரு பையன் வந்து, 'இப்படி ஒரு கருவி செய்யப்போகிறேன், இப்போதே பணம் தந்தால் எட்டே மாதத்தில் உங்கள் கையில்' என்று சொன்னான். கேமராவின் தலையில் மாட்டிவிட்டால், எதிரே நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் அது பார்க்குமாம். எல்லோர் கண்ணும் திறந்திருக்கும் நொடியில் சத்தமே இல்லாமல் தானே படம் எடுத்துவிடுமாம். புது லென்ஸுக்காகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து, மறு யோசனை இல்லாமல் போட்டுவிட்டாள். அறுநூற்றுப் பதினோரு பேர் போட்டிருந்தார்கள். கடை அல்ல அது, வெறும் நம்பிக்கை என்று அங்கேயே சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

எட்டாம் மாதம் ஒரு கடிதம் வந்தது: டப்பா வார்க்கும் அச்சு உடைந்துவிட்டது. பன்னிரண்டாம் மாதம்: உள்ளே வைக்கும் சிப் கிடைக்கவில்லை. பதினாறாம் மாதம்: 'எனக்குத் திருமணம் ஆகிவிட்டது, உங்கள் ஆசி வேண்டும்' என்று கல்யாணப் படத்தோடு வந்தது. அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் இரண்டு கண்ணும் மூடியிருந்தன. "அவனுக்கே வேலை செய்யல பாரு" என்று கணவர் சிரித்த சிரிப்பில் அன்று இரண்டு சட்டத்துக்குக் கண்ணாடி உடைந்தது. பணம் போட்டவர்கள் திட்டித் தீர்க்கும் பக்கத்தைத் தினமும் காலையில் திறந்து படிப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. 'நான் பணம் போட்டபோது பிறக்காத என் மகள் இப்போது நடக்கிறாள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏமாந்த சோணகிரிகள் அறுநூற்றுப் பதினோரு பேரும் கிட்டத்தட்ட சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பணம் போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மனிதர் பஸ் டிப்போவில் டிரைவர். வருஷத்துக்கு ஒரு நாள், பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது, டிப்போவின் எல்லா டிரைவர்களும் கண்டக்டர்களும் பன்னிரண்டு நிமிஷம் ஒன்றாக இருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் குரூப் போட்டோ. பதினோரு வருஷமாக எடுப்பது படக்காரம்மாதான். பதினோரு வருஷமும் அவர் ஒருவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார். பத்துப் படம் எடுத்தால் பத்திலும் மூடுவார். 'ரெடி' என்ற சொல்லைக் கேட்டாலே அவர் இமைக்குப் பதற்றம் வந்துவிடும். ஒரு தடவை கம்ப்யூட்டரில் வேறு படத்திலிருந்து அவர் கண்ணையே வெட்டி ஒட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கண்டக்டரின் சட்டைப்பையை அவர் நோட்டம் விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அது இன்னும் மோசம்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இவர் டிரைவர் ஆயிற்றே! இருபத்தொன்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் டிப்போச் சுவரில் பதினோரு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரா வண்டி ஓட்டறாரு?" என்று கேட்பார்கள். 'தூக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'தூக்கத்துக்கு ஆறாம் நம்பர் வண்டி' என்று மேலாளரே எழுதுகிற அளவுக்குப் போய்விட்டது. அவரும் கூடவே சிரிப்பார். ஒரு நாள் மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்து, "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா. முழிச்சிட்டு இருக்கற மாதிரி ஒண்ணு" என்றார். அன்றைக்குத்தான் அவள் பணம் போட்டாள். "உங்க கண்ணுக்கு நான் பொறுப்புண்ணே" என்று வாக்கும் கொடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு குரூப் போட்டோ போய்விட்டது. அடுத்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். வெள்ளிக்கிழமை எடுக்கப்போவதுதான் கடைசிப் படம்.

பொட்டலத்தில் டப்பா இருந்தது, ஒயர் இல்லை. விளக்கத்தாள் இருந்தது, அது என்ன மொழி என்றே தெரியவில்லை. கூடவே ஒரு வண்ணச் சீட்டு: 'இரண்டாம் மாடல் வருகிறது, இன்றே பணம் போடுங்கள்.' அவள் அதை முழுதாகப் படிப்பதற்குள் கணவர் பிடுங்கி நாலாகக் கிழித்தார். ஸ்டூலில் இருந்தவர், "தாடைய ஏத்திக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை டிப்போவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. எல்லாரும் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். வழக்கம்போலப் பின்னணிக்கு ஒரு வண்டியைக் கழுவித் துடைத்துக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். பெஞ்சுகளைக் கணவர் இழுத்துப் போட்டார். மூன்று வரிசை, எண்பத்துநாலு பேர். டிரைவர் நடுவரிசையில், கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்த மாதிரி நின்றார்.

"இந்த வருஷம் நான் ரெடி சொல்லமாட்டேன். ஒண்ணு ரெண்டு மூணும் கிடையாது. நீங்க பாட்டுக்கு இங்க பாருங்க, டப்பா பாத்துக்கும்" என்றாள் படக்காரம்மா. அவள் குரலில் இருந்த பெருமையை அந்தப் பக்கம் நின்ற கண்டக்டர்கள்கூடக் கவனித்தார்கள்.

வேறு ஒயர் தேடி மாட்டியிருந்த டப்பா விழித்துக்கொண்டது. பின்னால் இருந்த குட்டித் திரையில் முகங்களை எண்ணியது. பிறகு சும்மா இருந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம். படம் எடுக்கவில்லை. திரையில், மூடிய கண்கள்: நாலு பேர் என்று இருந்தது.

"யாரோ நாலு பேர் கண்ண மூடியிருக்கீங்க!"

எண்பத்துநாலு பேரும் கண்ணை அகல விரித்தார்கள். திரை நாலு என்றது. "பின் வரிசை, தொறங்கப்பா!" நாலு. மேலாளர் தன் கண்ணாடியைக் கழற்றினார். நாலு. எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. ஒரு கண்டக்டர், "டிக்கெட் இல்லாம நாலு பேர் ஏறிட்டாங்க போல" என்றார். ஒன்பது நிமிஷம் போய்விட்டது. வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. படக்காரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்து, கடைசியில் இதுவும் கழுத்தை அறுக்கிறதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண்ணால்தான் இவ்வளவு பாடும் என்று நினைத்திருக்க வேண்டும், சங்கடத்தோடு மெல்லத் திரும்பிப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார். மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா" என்றார். "வண்டியில நாலு பேர் தூங்கறாங்கம்மா."

வண்டியின் பக்கவாட்டில் புதிதாக ஒட்டிய மெத்தை விளம்பரம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆளுயரத்துக்கு, அவ்வளவு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டப்பா அவர்கள் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தது!

எண்பத்துநாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே, டிப்போத் தகரக் கூரையே அதிர்ந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் திரும்பினார்கள். "தூக்கத்துக்குத்தான்யா தூங்கறவனத் தெரியும்" என்று மேலாளர் சொல்ல, இன்னொரு அலை. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. படக்காரம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவள் டப்பாவைப் பிடுங்கி மண்ணில் போட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல், தன் விரலால், ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

கேமரா திரையைப் பார்த்தவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு டிரைவரைக் கைகாட்டி அழைத்தார்.

படத்தில் எண்பத்துமூன்று பேர் வாயெல்லாம் பல்லாக, சிரிப்பில் கண் இறுக மூடியிருந்தார்கள். பின்னால் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒருவர், கண் இரண்டும் தீபமாகத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமா நான்தானாம்மா?"

"நீங்கதாண்ணே. நீங்க மட்டுந்தான்."

அவர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குள் கேமராவை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அது எண்பத்துமூன்று கைகளில் ஏறிப் போக, போகிற இடமெல்லாம் சிரிப்பு வெடித்தது. "இன்னொண்ணு எடுக்கணுமா?" என்று அவள் மேலாளரைக் கேட்டாள். "எதுக்கு? இதத்தான் மாட்டறோம்" என்றார் அவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. "யோவ், மணி ரெண்டே கால், வண்டிய எடுங்கய்யா!"

பின்னணியில் நின்ற வண்டிதான் அன்றைக்கு டிரைவரின் வண்டி. அவர் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒரு ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பினார். படக்காரம்மா வாசல்வரை ஓடிப்போய்க் கையாட்டினாள். பெரிய சாலையில் வண்டி மெதுவாகத் திரும்பியது. அதன் பக்கவாட்டில் நாலு பேரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கவலையே இல்லாமல் தூங்க, முன்னால் அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போனார்.