பெட்டிக்குள் மார்க்கண்டர்

நாலு மணிக்கு வருகிறேன் என்று கீர்த்திகா சொல்லியிருந்தாள். மூன்றேகாலுக்குக் கோபிசங்கர் அந்தக் கறுப்புப் பெட்டியின் ஆணிகளைக் கழற்றினான். முக்கால் மணித்தியாலம் தாராளமாகக் காணும் என்று நம்பினான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது பிறகு அவனுக்கே விளங்கவில்லை.

கோபிசங்கர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். புத்தூரில் தன் வீட்டு முன்னறையையே ஸ்ரூடியோவாக்கி வைத்திருந்தான். எடுத்ததெல்லாம் மேசை மூலையில் இருந்த அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது. உள்ளே இரண்டு ஹாட் டிஸ்க், வீட்டு வைஃபையோடு இணைப்பு. வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் திறந்து பார்க்கலாம், ரொறன்ரோவிலிருக்கும் மாமன்மாரும் போனில் பார்க்கலாம். ஒரே குறை, பெட்டிக்கு ராம் என்கிற நினைவகம் போதாது. பெரிய வீடியோவைப் போட்டால் இரண்டு நிமிடம் ஓடும், பிறகு மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பார். "ராமைக் கூட்டிவிடுங்கோ அண்ணை, சின்ன வேலை" என்று திருநெல்வேலியில் கணினிக் கடை வைத்திருக்கும் லெனாட் சொல்லியிருந்தான். விரல் நீளத் துண்டொன்று கொழும்பிலிருந்து வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.

அதை இன்றைக்கே போட என்ன அவசரம்? கீர்த்திகா பார்க்கும்போது படம் நின்று நின்று ஓடக்கூடாது. அதுதான் அவசரம்.

நாலு கிழமைக்கு முன்னர் சாவகச்சேரியில் அவளுடைய கலியாணம் நடந்தது. ஆறாம் நாள் அவளுடைய அப்பா மார்க்கண்டர் தோட்டத்தால் வந்து கதிரையில் இருந்தார், பிறகு எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் வருகிறது. அன்றைக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு ஒரு நல்ல படம் வேண்டும். அதோடு போனில் இன்னொன்றும் சொன்னாள். "அப்பா கதைக்கிறது எங்கையாவது பட்டிருந்தா அதையும் கேக்கவேணும் அண்ணை. எங்களிட்டை அவரின்ரை குரல் ஒண்டுமே இல்லை."

கமராவின் மெமரிக் காட்டுகளை அடுத்த கலியாணத்துக்காக அவன் எப்போதோ அழித்துவிட்டான். மார்க்கண்டர் இப்போது இருப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

பழைய ராமைக் கழற்றிப் புதியதை அதே இடத்தில் கிளிக் என்று அமர்த்தினான். மின் ஆளியைப் போட்டான். நீல விளக்கு எரிய வேண்டிய இடத்தில் செம்மஞ்சள் எரிந்தது. பெட்டி மூன்று முறை கீக் கீக் என்று கத்திவிட்டு அடங்கியது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். மூன்று கீக். பல்லைக் கடித்துக்கொண்டு பழைய ராமையே திருப்பிப் போட்டான். காலையில் ஒழுங்காக ஓடிய அதே ராம். மூன்று கீக்.

லெனாட்டுக்குப் போன் அடித்தான்.

"பழசைப் போட்டும் வருகுதில்லையோ? அப்ப மதர்போட் போச்சோ தெரியேல்லை. ராமிலை மினுங்கிற பல்லுப் பக்கத்தைத் தொட்டனீங்களோ?"

"இல்லை. டிஸ்க்?"

"அனேகமா ஒண்டும் ஆகியிராது. உதே மாதிரிப் பெட்டி கொழும்பிலை எடுத்தாப் போட்டுப் பாக்கலாம். பயப்பிடாதேங்கோ."

அந்த 'அனேகமா'தான் அவனைக் கொன்றது. வாசலில் ஸ்கூட்டி நிற்கும் சத்தம் கேட்டது.

மனைவி உதயகலா கீர்த்திகாவை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் தலையை மட்டும் நீட்டி, "கொப்பியாகுது தங்கச்சி, கொஞ்சம் இரும்" என்றான். வாய் கூசாமல் பொய் வந்தது. அவள் ஓம் என்று தலையாட்டினாள். மடியில் புதுப் பென்டிரைவ் ஒன்றை வைத்திருந்தாள், விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. இந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? நான் பெரிய கெட்டிக்காரன், உம்முடைய அப்பாவை இரண்டாந்தரமும் சாகடித்துவிட்டேன் என்றா?

மேசைக்குத் திரும்பினான். நகம் கடிப்பது பத்து வயதில் விட்ட பழக்கம், விரல் தானாக வாய்க்குப் போனது. சந்தனம் மணத்தது.

இன்று அவன் கோயில் பக்கமே போகவில்லை. விரலைத் திரும்ப மணந்து பார்த்தான். சந்தனமேதான்.

"உதயா, இஞ்சை வாரும். உந்தப் புதுச் சாமானிலை என்ன செய்தனீர்?"

"என்ன செய்தனான்? வெள்ளிக்கிழமை சாமித்தட்டிலை வைச்சுச் சந்தனம் குங்குமம் வைச்சனான். புதுச் சாமான் எண்டால் வைக்கிறதுதானே. கமராவுக்கும் வைச்சனான்."

குங்குமத்தை அவன் கண்டு உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் போட்டான். சந்தனத்தைக் காணவில்லை. அவள் அதை வைத்தது பொன் நிறப் பற்கள் வரிசையில், நல்ல இலட்சணமான இடம் என்று. பொன்னில் பொன்னாகக் காய்ந்து கிடந்தது. செருகும்போது பொடிந்து விரலிலும் ஒட்டி, பெட்டியின் வாய்க்குள்ளும் போயிருக்க வேண்டும், பழைய ராமுக்கும் பெட்டி கத்தியது அதனால்தான்.

அவளைப் பார்த்துக் கத்துவதற்கு நேரமில்லை. லென்ஸ் துடைக்கும் தூரிகையால் அந்த வாயைக் கூட்டினான், ஊதினான், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். அழிறப்பரால் பழைய ராமின் பற்களைத் தேய்த்துத் திரும்பச் செருகினான். புதியதைத் தொடத் துணிவு வரவில்லை. உதயகலா மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றாள், உதடு மட்டும் பிள்ளையாரே பிள்ளையாரே என்றது. ஆளியைப் போட்டான். செம்மஞ்சள். கொஞ்ச நேரம் செம்மஞ்சளாகவே நின்றது.

பிறகு நீலம். போன உயிர் திரும்பி வந்தது.

கீர்த்திகாவைக் கூப்பிட்டுக் கணினியின் முன் கதிரையில் இருத்தினான். தாரை வார்க்கும் இடத்தைத் தேடிப் போட்டான். மார்க்கண்டர் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்கிறார், அம்மா தண்ணீர் வார்க்கிறார், சரியாக அந்த நேரத்தில் யாரோ ஒரு மாமி படமெடுக்கத் தூக்கிய ரப்லெட் குறுக்கே வந்து எல்லாவற்றையும் மறைக்கிறது. கோபிசங்கரின் குரல் கேட்கிறது. "ஐயா, இன்னொருக்காக் குடுங்கோ, படத்திலை விழேல்லை."

ரப்லெட் விலகியது. மார்க்கண்டர் கமராவின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"பிள்ளையை ஒருக்காத்தான் தம்பி குடுக்கலாம்" என்றார்.

அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. பழைய ராமின் குணம். கோபிசங்கருக்கு வெட்கத்தில் காது சுட்டது, பாய்ந்து மௌஸைப் பிடித்தான்.

கீர்த்திகா அவன் கையைத் தடுத்தாள். திரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அப்பா அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ அண்ணை" என்றாள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."