ஏழாவது அடிக்குப் பிறகு பார்வோன்

செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சிறைச்சாலையின் ரொட்டிக் கூடத்தில் ஆறு கைதிகள் வேலையில் இருந்தார்கள். பார்வையாளர் நேரம் காலை பத்து மணி.

மாவு மேஜைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். வெளியே லாரி ஓட்டியவர். குடித்துவிட்டு ஓட்டிய ஒரு நாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இறந்துபோனாள். ஒரே மகள் இரண்டு முறை பார்க்க வந்தாள். இரண்டு முறையும் அவர் போகவில்லை. இன்றும் அப்பா வராவிட்டால் இனி நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தச் சிறையில் யாரையும் இழுத்துப்போய்ப் பார்வையாளர் முன் நிறுத்துவதில்லை. வார்டன் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். கைதி தானாக நடந்து போக வேண்டும்.

போன ஞாயிறு பாதிரியார் வகுப்பில் பார்வோன் கதை. எபிரேய அடிமைகளை விடமாட்டேன் என்று அடம்பிடித்த எகிப்து ராஜா. அதற்காகக் கடவுள் அவன் நாட்டைத் தவளை, கொப்புளம், கல்மழை என்று பத்து முறை அடித்தார். அவன் மனதைக் கடினப்படுத்தியதே கடவுள்தான் என்று ஓரிடத்தில் வருகிறது. மேஸ்திரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“என் மனசையும் அவர்தான் கல்லாக்கிட்டாரு. நான் என்ன பண்ண?”

அடுப்பில் தட்டு வைத்துக்கொண்டிருந்த சாவி சிரித்தான். எந்தப் பூட்டும் அவனுக்குத் திறக்கும். பேரும் தண்டனையும் அதனால் வந்தவை.

“இது தெரிஞ்சிருந்தா நானும் ஜட்ஜ்கிட்ட சொல்லியிருப்பேனே அண்ணே.”

“கிண்டல் பண்ணாத. எழுதியிருக்கா, இல்லையா?”

“இருக்கு. நீங்க பாதியில மூடிட்டீங்க, நான் மேல படிச்சேன். தவளை வந்தப்ப கெஞ்சுனான். போனதும் தானாவே முறுக்கிக்கிட்டான். ஆறாவது அடி கொப்புளம். அங்கதான் கடவுள் கல்லாக்கினார்னு வருது.”

“பாத்தியா! அதுக்கப்புறம் அவன் கையில என்ன இருக்கு?”

“ஏழாவது கல்மழை. அது நின்னதும் மறுபடி அவனே மனசைக் கடினமாக்கிக்கிட்டான்னு இருக்கு. கடவுள் கைவெச்ச பிறகும் அண்ணே! அப்ப தாழ்ப்பா உள்பக்கம்தான் இருந்திருக்கு. என் தொழில்ல இதெல்லாம் கண்ணுல பட்டுடும்.”

“அதோட முடிஞ்சுதா?”

“இல்ல, அடுத்தது மறுபடி கடவுள். ரெண்டும் பின்னிக் கிடக்கு. பாதிரியாரே முழிக்கிறாரு, எனக்கா புரியும்?”

மேஸ்திரி மாவை ஓங்கிக் குத்தினார். வாசலில் வார்டனின் குரல் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை.

“அவளுக்கு அவங்கம்மா முகம்டா,” என்றார் மெதுவாக. “எப்படிப் பாப்பேன்?”

“தலையைக் குனிஞ்சுக்கிட்டே பாருங்க. மனசு கல்லாவே இருக்கட்டும், காலு நல்லாத்தானே இருக்கு?”

“வாயைப் பாரு இவனுக்கு,” என்றார் மேஸ்திரி. மாவை ஈரத் துணியால் மூடினார். கையைக் கழுவினார், ஏப்ரனைக் கழற்ற மறந்து வாசலை நோக்கி நடந்தார்.

தந்தையும் மகளும் இருபது நிமிடம் பேசினார்கள். கிளம்பும்போது மகள் அடுத்த மாதத்துக்கும் பெயர் பதிவு செய்தாள்.