லோஃப் ஒன்று, பலவானால்?

...லோஃப்ஸா, லோவ்ஸா? கண்ணாடிக் கதவில் 'ஃப்ரெஷ்' வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் முத்து முத்தாக எழுதியாயிற்று, அடுத்த வார்த்தையில் எல், ஓ, ஏ வரைக்கும்கூட வம்பில்லை, அதற்கப்புறம் தூரிகை அந்தரத்தில் நிற்கிறது, ஏறி நிற்கிற ஸ்டூலும் லேசாக ஆடுகிறது. நாளைக் காலை கடை திறப்பு. மாவு எப்போது பொங்கும் என்று இவள் மூக்குக்கே தெரியும், ஆனால் ரொட்டி ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டால் அதை எப்படி எழுதுவது... ரூஃப் என்றால் ரூஃப்ஸ், நைஃப் என்றால் நைவ்ஸ், கூரைக்கு ஒரு சட்டம், கத்திக்கு ஒரு சட்டமா? பாக்ஸுக்கு பாக்ஸஸ், ஆக்ஸுக்கு மட்டும் ஆக்ஸன், மாடு என்ன பாவம் செய்தது? ஷீப் பாடு தேவலை, மந்தையே வந்தாலும் ஷீப்தான். தமிழில் ஒரு 'கள்' ஒட்டினால் கதை முடிந்தது...

உள்ளேயிருந்து கணவன் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தான். "ஸ்பெல்லிங்கா? உங்க அக்காகிட்ட கேட்டா..." என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அக்கா. இங்கிலீஷ் டீச்சர், ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று தனியாக, ஒருமையிலேயே வாழ்கிறவள். பெரியப்பா வீட்டு விருந்தில் "எங்க சில்ட்ரன்ஸுக்கு இனிப்பே ஆகாது" என்று இவள் வாய் தவறிச் சொல்ல, "சில்ட்ரன்னாலே பல பேர்தான்டி, மேல ஒரு எஸ் எதுக்கு, பேரப்பிள்ளைங்களுக்கா?" என்று அக்கா கேட்க, மேசையே குலுங்கிச் சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அப்புறம் அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி, 'நல்லா இருக்கீங்களா?' கூடப் பிறந்த தங்கைக்கு மரியாதைப் பன்மை! அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்... தேடினால் போனே விடையைச் சொல்லிவிடும், அது தெரியாதா என்ன, ஆனால் விரல் போய் நின்றது அக்காவின் எண்ணில். எடுப்பாளா? எடுத்து 'சொல்லுங்க' என்றால்?

"அக்கா... லோஃப் பன்மை என்னக்கா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா...

"எஃபை எடுத்துட்டு வி, ஈ, எஸ் போடுடி, லூசு."

டி! லூசு! காதில் தேன் வந்து பாய்ந்தது. "நாளைக்குக் கடை திறக்குறோம்க்கா, வந்துடு."

"இப்பதான் சொல்லணும்னு தோணுச்சா? சரி, நாங்க வர்றோம்." வைத்துவிட்டாள்.

வி, ஈ, எஸ். எழுதி முடித்து, இறங்கி, தள்ளி நின்று அழகு பார்க்கும்போதுதான் உறைத்தது... நாங்களா? அக்கா வாயில் இலக்கணம் தவறாதே, தனக்குத்தானே மரியாதைப் பன்மை போட்டுக்கொள்கிறவளும் இல்லையே, அப்போ கூட வருகிற ஆள் யார்... "ஏங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "நாளைக்கு அக்கா வர்றாங்களாம்... அக்கா... வந்து..." என்று இழுத்து, மேலே சொல்ல வராமல், கையில் பெயிண்டோடு தனக்குள் சிரித்துக்கொண்டு நின்றாள்.