ஆயுள் முழுக்க ஒரு டிரைவர்

மாலை நாலே கால். டிரைவர் காரைத் துடைத்து முடித்து, பின் கதவைத் திறந்து, அந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் காரையும் இதற்கு முன்னால் இருந்த மூன்று கார்களையும் ஓட்டியவர். பின் சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

இன்று உட்கார வேண்டும். அது கம்பெனி வழக்கம். ஓய்வு பெறுகிறவன் கக்கூஸ் கழுவுகிறவனாக இருந்தாலும் கடைசி நாள் எம்.டி. காரில், பின் சீட்டில், வீட்டுக்குப் போவான். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்க்கும். அப்படி எத்தனையோ ஒருநாள் ராஜாக்களை டிரைவர் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். பாய்லர்காரர் ஒருவர் செருப்பைக் கம்பெனி வாசலிலேயே கழற்றிவிட்டு ஏறினார். வீட்டு வாசலில் வெறுங்காலோடு இறங்கினார்.

சிக்கல் என்னவென்றால், கம்பெனியில் எல்லாரும் பெரியவர் என்று சொல்லும் எம்.டி.யும் இன்றுதான் ஓய்வு பெறுகிறார்.

"அப்போ உன்னை யாருய்யா கொண்டுபோய் விடுவா?" என்று பட்டறை ஃபிட்டர் காலையிலேயே கேட்டார். "நீயே ஓட்டு, சிக்னல் விழுந்தா பின்னாடி போய் உக்காந்துக்கோ."

டிரைவர் சிரித்தார். சிரிக்கிற மனநிலை இருந்தது. மகள் இருக்கும் ஊரில், அவள் தெருவிலேயே, ஒன்றரை அறை வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். இன்று செட்டில்மென்ட் பணம் வந்தால் மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டிவிடலாம். மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்து இரண்டு வாரமாகிறது. வெளியே இருப்பது இரண்டு தட்டும் ஒரு சட்டியும்தான்.

நாலரைக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஆபீசர் கூப்பிட்டார். டிரைவருக்கு மகன் என்று சொல்லும் வயது இருக்கும்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

அந்த அறையில் டிரைவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நல்ல சேதி. பெரியவரோட ஓய்வுச் சலுகை பாஸாயிடுச்சு. வீடு, வைத்தியம், காரு. எல்லாம் ஆயுசுக்கும். காருன்னா டிரைவரோட."

"நல்லது சார்."

"எந்த டிரைவர்னு பேச்சு வந்துச்சு. நீங்கதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

டிரைவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எனக்கு இன்னைக்கோட முடியுதே சார்."

"முடியலண்ணே. அதான் சேதி. உங்களுக்கு ஓய்வே கிடையாது." சொன்னபிறகு அது காதில் விழுந்த விதம் ஆபீசருக்கே சிரிப்பு மூட்டியது.

"அப்போ செட்டில்மென்ட்?"

"வேலை முடிஞ்சாத்தானே செட்டில்மென்ட்? பெரியவர் இருக்கற வரைக்கும் நீங்க சர்வீஸ்ல இருக்கீங்க. அவருக்கப்புறம் மொத்தமா வாங்கிக்கலாம்."

"எனக்கு வேணாம்னு சொன்னா?"

"நீங்களா வேணாம்னா அது ராஜினாமா. ராஜினாமாவுக்குப் பாதிதான், ரூல் அப்படி." தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "ஏன் முகத்தைத் தொங்கப் போடறீங்க? பணம் எங்கேயும் போகாது. ஒருவேளை நீங்க முந்திக்கிட்டாலும் அண்ணி கைக்கு வந்துடும்."

பாதிப் பணத்துக்கு அந்த அரை அறைகூட வராது. டிரைவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

பெரியவருக்குக் கார் என்றாலே குமட்டல். மற்றவர்கள் ஓட்டினால் பாதி வழியில் நிறுத்தி வாந்தி எடுப்பார். இவர் ஓட்டினால் தூங்குவார். ஊரில் எந்தப் பள்ளம் எந்த மழைக்கு எவ்வளவு ஆழமாகும் என்று இவருக்குத் தெரியும். தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போவதுபோல பிரேக்கில் காலை வைப்பார். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். "வருஷத்துக்கு ரெண்டு பள்ளத்துல தூக்கிப் போட்டிருந்தா அவரே உன்னைத் தலைமுழுகியிருப்பாரு. தன் வினை தன்னைச் சுடும்பாங்க. உன்னை உன் பிரேக்கு சுட்டுடுச்சு."

ஐந்து மணிக்குக் கேன்டீனில் கூட்டம். பெரியவர் பேசினார். கம்பெனி தன் குடும்பம் என்றார். "எனக்குக் கிடைச்ச பரிசுலேயே பெரிய பரிசு அதோ நிக்குது" என்று வாசல் பக்கம் கை நீட்டினார். கார்ச் சாவியோடு டிரைவர் நின்றிருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார்.

கார் கிளம்பியதும் பெரியவர் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.

"சந்தோஷம்தானே?"

"சந்தோஷங்கய்யா."

"உன்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு தோணுச்சு. அப்புறம், நீ என்ன வேணாம்னா சொல்லப்போறேன்னு விட்டுட்டேன்."

டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "ஐயா, பொண்ணு ஊர்ல ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தேன். அங்கேயே போயிடலாம்னு."

"பொண்ணு ஊருக்கா? ரெண்டாம் நாளே மாப்பிள்ளை மூஞ்சி மாறிடும்ப்பா. நான் உன் மரியாதையைக் காப்பாத்தியிருக்கேன்." கொட்டாவி விட்டார். "எனக்கப்புறம் என்ன கதின்னும் பயப்படாதே. வீட்டுல அம்மா பேருக்கும் சேத்து எழுதி வாங்கிட்டேன். நான் போனாலும் அவ காலம் வரைக்கும் நீதான்."

பிறகு தூங்கிப்போனார்.

பாலத்து வளைவில் ஒரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பின்னால் வண்டி எதுவும் இல்லை. காரை அதில் இறக்கிவிடலாம் என்று டிரைவர் நினைத்தார். ஒரே ஒரு தடவை. பெரியவரின் தலை கூரையில் இடிக்கும், குடல் புரளும், நாளைக்கே வேறு ஆள் தேடுவார். நினைத்து முடிப்பதற்குள் கை ஸ்டியரிங்கைத் திருப்பியிருந்தது. கார் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அலுங்காமல் போனது. பின்னால் குறட்டை கேட்டது.

பங்களா வாசலில் அம்மா ஓடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி ஓடுவது அவர் பழக்கம். பெரியவருக்கு இரண்டாம் தாரம். பதினெட்டு வயது இளையவர். மூச்சுகூட வாங்காமல் வந்து நின்றார்.

"டிரைவர், நாளைக்கு ஆறரைக்கே வந்துடுங்க. நீச்சலுக்குப் போகணும். காரை ஷெட்லயே விட்டுடுங்க, இனிமே இங்கதான் நிக்கும்."

டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை.

தெருவில் எல்லாரும் வாசலில் இருந்தார்கள். மனைவி நல்ல சேலை உடுத்தி, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தாள். கார் வரும் என்று பார்த்திருந்த முனையிலிருந்து டிரைவர் கையில் சாப்பாட்டுப் பையோடு நடந்து வந்தார்.

"என்னண்ணே, வண்டி பஞ்சரா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து நாற்காலியை எடுத்துப் போனாள்.

உள்ளே சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து டிரைவர் எல்லாவற்றையும் சொன்னார். தான் முந்திக்கொண்டால் பணம் அவள் கைக்கு வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் அழவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஒரு சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு குண்டானை எடுத்து, தூசி துடைத்து, அடுப்புப் பக்கம் வைத்தாள்.

"பெரியவருக்கு என்ன வயசு?"

"அறுபத்தஞ்சு."

"அப்போ அந்தம்மாவுக்கு நாப்பத்தேழா?"

"ஆமா."

"என்னைவிட பதினோரு வயசு சின்னவ." அடுத்த சாக்கை இழுத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, அந்தம்மாவுக்கு சக்கரை கிக்கரை ஏதாச்சும் இருக்கா?"