இழைப்பு மிஷினுக்குத் தனி லைன்

என் கணவரை அவர் முன்பு வேலை பார்த்த பட்டறையில் 'மூலைமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்களாம்; மூலை கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கும் தச்சுக் கருவியின் பெயர். கல்யாணமான புதிதில் அது ஏதோ பாராட்டு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். குடித்தனம் நடத்திப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வாசலில் ஒரு செருப்பு கோணலாகக் கிடந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. நானோ எதையும் எடுத்த இடத்தில் வைக்காதவள். எப்படியோ காலம் ஓடுகிறது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் சொந்தமாகத் தச்சுப் பட்டறை போட்டோம். அவர் மேசை, அலமாரி செய்வார். நான் பாலிஷ் போடுவேன். முதலாளி முன்னால் கைகட்டி நின்றே பழகிய மனிதர், தன் கொட்டகைக்குள் நடக்கும் நடையே வேறாக இருந்தது. அந்த நடையைப் பார்க்கத்தான் நான் இத்தனை பாடும் பட்டேன். பிறகு இழைப்பு மிஷின் வாங்கினோம். கையால் நாள் முழுக்க இழைக்கிற பலகையை, ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் அது இழைத்துத் தள்ளிவிடும்.

கொட்டகையில் கரன்ட் கிடையாது. வீட்டிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்திருந்தோம், சக்கரத்தில் சுற்றி வருமே, அந்த வகை. தேவையான அளவு மட்டும் இழுத்துக்கொண்டு மீதியைச் சக்கரத்திலேயே சுற்றுக்குச் சுற்று ஒட்டினாற்போல் அவர் சுற்றி வைத்திருந்தார். போதாக்குறைக்குத் தினமும் துணியால் துடைப்பார். ஒருநாள் நான் அதை முழுக்க இழுத்துத் தரையில் போட்டுவிட்டேன் என்று மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெரிய அலமாரிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. புது மிஷின் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. விழுந்தடித்து வீட்டுக்குள் ஓடி மெயினை அணைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் சுற்றுகளெல்லாம் உருகி ஒரே கட்டியாகியிருந்தன. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் என் பாலிஷ் டப்பாக்கள். ஒரு பொறி பட்டிருந்தால் போதும், பற்றிக்கொண்டிருக்கும்.

அவர் ஒரு பலகை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மிஷினைத் திருப்பிக் குடுத்துடறேன். முதலாளி இன்னும் என் இடத்துக்கு ஆள் எடுக்கலையாம். அங்கயே போயிடறேன்."

அன்றைக்கே முதலாளிக்குப் போனும் போட்டுவிட்டார். யோசித்துச் சொல், காத்திருக்கிறேன் என்றாராம் அந்தப் புண்ணியவான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆத்திரத்தை விடப் பயம்தான் அதிகம். மறுபடி கைகட்டி நிற்கப் போனால் இந்த மனிதர் இந்தக் கொட்டகைக்குத் திரும்பவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வேறு வழியில்லாமல் என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் எலக்ட்ரீஷியன். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். என் வாய்க்கு அவள் வாய் சளைத்ததில்லை. ஆனாலும் உடனே வந்தாள். உருகிய சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதிகக் கரன்ட் ஓடினால் வயர் சூடாகும், விரிந்து கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும், நெருக்கிச் சுற்றியிருந்தால் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே ஏறும் என்றாள். கரன்ட் அளவு மீறினால் தானாக அணைய வேண்டிய பிரேக்கர் ஏன் விழவில்லை என்று கேட்டேன். அதற்குத் தெரிவது ஓடுகிற கரன்ட்தான், அது வீட்டு லைனின் அளவைத் தாண்டவில்லை, சுருளுக்குள் ஏறுகிற சூடு அதற்குத் தெரியாது என்றாள்.

"ஒழுங்கா சுத்தி வெச்சதுதான் தப்பா?" என்றார் அவர்.

"மிஷின் மேல தப்பே இல்லண்ணே. உன் மேலயும் பாதிதான். இவ்வளவு பெரிய மிஷினுக்கு இந்த வயரே ஆகாது. தனி லைன் வேணும்."

வீட்டு இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் பார்த்து, மின்சார ஆபீசில் அனுமதியும் வாங்கின பிறகே அவள் வேலையைத் தொட்டாள். மெயினை அணைத்து, அதற்கு ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெந்நீர் வைக்கக் கொஞ்ச நேரம் கரன்ட் விடச் சொன்னேன். அந்தப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

தடிமனான வயர், அது உள்ளே ஓடுவதற்குக் குழாய், கொட்டகைக்கென்று தனிப் பெட்டி, மிஷினுக்கென்று தனிப் பிரேக்கர், உறுதியான எர்த். கரன்ட் போய் வந்தால் மிஷின் தானாக ஓட ஆரம்பிக்காதபடி ஒரு ஸ்டார்ட்டர். குழாய் பதிக்கிற வேலையை மட்டும் அண்ணனிடம் விட்டாள். இணைப்புகளை அவளே முடுக்கினாள். வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர், போகப் போக மட்டம் பார்த்துக் கோடு போட்டு, கிளிப்புக்குக் கிளிப்பு அளந்து அடித்தார். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னிடம் வேலை செய்கிற ஒருத்தருக்கும் இந்தக் கை வராது என்றாள். அண்ணனை அவள் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் சோதித்து முடித்துப் பூட்டைத் திறந்தாள். மிஷினைப் போடச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அவரேதான் பட்டனை அழுத்தினார்.

பலகை மேல் பலகையாக ஓட்டினார். நடுநடுவே போய்ப் பெட்டியின் மூடியையும் குழாயையும் தொட்டுப் பார்த்தார். எதிலும் சூடு இல்லை. நாத்தனாரும் மீட்டர் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். மிஷினை நிறுத்தியதும் அவருடைய போன் அடித்தது. முதலாளி. அவர் போனை எடுத்து, மரியாதையாக, வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பெட்டியின் முன்னால் போய் நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னொரு மிஷினுக்கு இடம் இருக்குமா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"இருக்கும்," என்றேன் நான்.

உங்களுக்கு என்ன தெரியும் என்பது போல நாத்தனார் என்னை முறைத்தாள். பிறகு மூடியைத் திறந்து காலியான இடத்தை அண்ணனுக்குக் காட்டினாள்.